மொரிஸ் மைனர் 1000: வேலை முடிந்து வந்த பின் முன் சஸ்பென்ஷன் அசைய மறுக்கிறது

கொக்குவில்_மைனர் (யாழ்ப்பாணம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, 948 சி.சி. எஞ்சின். அப்பா வாங்கியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அதனால் இதை விற்பது பற்றி வீட்டில் யாரும் பேசுவதே இல்லை.

அண்மையில் ஒரு கராஜில் முன்பக்க வேலை முழுவதையும் செய்வித்தேன். மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் அனைத்தும் புதிது. அதிர்வை அடக்கும் டாம்பர் இரண்டுக்கும் எண்ணெய் மாற்றினார்கள். அடிப்பகுதி முழுவதும் கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கிறது. ஆனால் ஓட்ட முடியவில்லை. காங்கேசன்துறை வீதியில் தார் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றும் ஸ்டீயரிங்கில் வந்து அடிக்கிறது. பின்பக்கம் முன்போலவே மென்மையாக இருக்கிறது. முன் மட்கார்டின் மேல் இரண்டு பேர் கைவைத்து அழுத்தினாலும் விரலளவுதான் இறங்குகிறது. மூக்கும் சற்று உயர்ந்து நிற்கிறது, வலப்பக்கம் கூடுதலாக. ஸ்டீயரிங்கும் கொஞ்சம் பாரம்.

கராஜில் கேட்டால், “டார்ஷன் பார் பழசாகி இறுகிவிட்டது, அதைத் தளர்த்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்” என்கிறார்கள். ஸ்பிரிங் போல முறுகி முன்பக்கத்தைத் தாங்கும் கம்பியைத்தான் சொல்கிறார்கள். வேலைக்கு முன் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஹெரால்டு_பிரியன் (சென்னை)

அருமையான வண்டி. டார்ஷன் பாரின் பின்முனையில் ஒரு லீவர் இருக்கும். அதை ஒரு துளை இறக்கிப் பூட்டினால் மூக்கு தாழும், கொஞ்சம் மென்மையும் வரும் என்று நினைக்கிறேன். டிரனியனுக்கு, அதாவது ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் மரை மூட்டுக்கு, இ.பி. 90 கியர் ஆயில் விட்டீர்களா? என் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அதுதான் உயிர். டயரில் காற்று எவ்வளவு?

கோவைப்_பட்டறை (கோயம்புத்தூர்)

தம்பி, தயவுசெய்து டார்ஷன் பாரில் கை வைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அதன் பக்கம் போக வேண்டும்.

எஃகு வயதாகி இறுகாது. பலமுறை முறுக்குண்ட கம்பி நாளடைவில் சற்றுத் தளர்ந்து உட்காரும், வண்டி தாழும். அவ்வளவுதான். அதன் விறைப்பைத் தீர்மானிப்பவை கம்பியின் விட்டமும் நீளமும். விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு மாறும். அதனால் துருப்பிடித்துக் கம்பி மெலிந்தால் மென்மையாகுமே தவிர, விறைப்பாகாது. பின்முனை லீவரை மாற்றிப் பூட்டினால் வண்டியின் உயரம் மாறும், விறைப்பு மாறாது. மிகவும் இறக்கிவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் போய் மேலே உள்ள தடுப்பு ரப்பரில் (பம்ப் ரப்பர்) முட்டும், அப்போது இன்னும் மோசமாக அடிக்கும். “பார் இறுகிவிட்டது” என்ற பேச்சைக் கேட்டு நல்ல கம்பிகளைக் கழற்றி, இடம் வலம் மாற்றிப் பூட்டி, கடைசியில் முறித்தே விட்ட வண்டிகள் உண்டு. ஒரு பக்கம் முறுக்கேறிப் பழகிய கம்பியை மறுபக்கம் போட்டு எதிர்த்திசையில் முறுக்கக் கூடாது.

மைனரின் முன்பக்கத்தை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். 1948இல் இந்த வண்டி வெளிவந்தபோது அலெக் இசிகோனிஸ் அமைத்த ஏற்பாடு கடைசி மைனர் வரை அடிப்படையில் மாறவில்லை. கீழே ஒரு ஆர்ம். அதன் உள்முனையிலிருந்து டார்ஷன் பார் பின்னோக்கி, தரைத்தகட்டின் கீழே ஓடி குறுக்குச் சட்டத்தில் முடிகிறது. ஆர்மிலிருந்து முன்னோக்கி ஒரு டை ராடு போகிறது. மேலே தனியாக ஆர்ம் கிடையாது. ஆம்ஸ்ட்ராங் லீவர் டாம்பரின் கையேதான் மேல் ஆர்ம். இரண்டுக்கும் நடுவில், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் ஸ்விவல் பின் நிற்கிறது. அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை இருக்கிறது. அந்த மரையில் டிரனியன்கள் ஏறியிருக்கின்றன.

சக்கரம் மேலும் கீழும் போகும்போது எவை எவை திரும்புகின்றன? டாம்பரின் தண்டு. மேல் டிரனியனின் இரு பக்க ரப்பர் புஷ். கீழ் டிரனியனின் குறுக்குப் பின். ஆர்மின் உள்முனை ஐபோல்ட் புஷ். டை ராடின் முன் ரப்பர். ஸ்பிரிங்கைத் தவிர இறுக்கம் வரக்கூடிய இடங்கள் இவைதான். டிரனியன் மரை ஸ்டீயரிங் திருப்பும்போது மட்டுமே வேலை செய்யும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை:

டயர் காற்று. மைனருக்குக் குறுக்கிழை டயரில் 22 முதல் 24 பி.எஸ்.ஐ. போதும். இன்றைய காற்றடிக்கும் கடைகளில் எந்தக் கார் போனாலும் 32, 35 என்று ஏற்றிவிடுகிறார்கள். முக்கால் டன் வண்டிக்கு அது கல். ரேடியல் என்றால் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் 35 வேண்டாம்.

அடுத்தது, மட்கார்டை மெதுவாக அழுத்திப் பாருங்கள். வேகமாக அல்ல, உடல் எடையை ஐந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏற்றுங்கள். எண்ணெய் டாம்பர் வேகத்தைத்தான் எதிர்க்கும். மெதுவாக அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். கறள் பிடித்த கதவுக் கீல் அப்படியல்ல. மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் ஒரே அடம்தான். மெதுவாக அழுத்தியும் இறங்கவில்லை என்றால் டாம்பர் எண்ணெயைக் குறை சொல்ல முடியாது. எங்கோ உலோகம் கடிக்கிறது, அல்லது ரப்பர் முறுக்கேறி நிற்கிறது.

பிறகு அளவு எடுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்பக்கத்தைக் கையால் அழுத்தி மெல்ல விடுங்கள். ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து பம்பரைப் பிடித்துத் தூக்கி மெல்ல விட்டு மறுபடி அளக்கவும். உராய்வே இல்லாத சஸ்பென்ஷன் இரண்டு முறையும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நோயின் அளவு. இரு பக்கமும் தனித்தனியாக எடுத்து இங்கே போடுங்கள்.

கொக்குவில்_மைனர்

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. டயரில் 35 இருந்தது. 24க்கு இறக்கினேன். சின்னச் சின்ன அதிர்வு குறைந்தது, பெரிய அடி அப்படியே இருக்கிறது.

மெதுவாக அழுத்தினேன். இடப்பக்கம் தயங்கித் தயங்கி இறங்குகிறது. வலப்பக்கம் முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு “டக்” என்ற சத்தத்துடன் ஒரு படி இறங்கி அங்கேயே நிற்கிறது.

அளவு: இடப்பக்க வித்தியாசம் 13 மி.மீ., வலப்பக்கம் 34 மி.மீ.

டாம்பருக்கு என்ன எண்ணெய் என்று கராஜில் கேட்டேன். கடையில் இருந்த எஞ்சின் எண்ணெயை ஊற்றியதாகச் சொன்னார்கள்.

லெஸ்டர்_டிராவலர் (இங்கிலாந்து)

தம்பி, நானும் யாழ்ப்பாணம்தான். இங்கே என்னிடம் மைனர் டிராவலர் இருக்கிறது, பின்னால் மரச்சட்டம் வைத்த வண்டி. கோவைக்காரர் சொன்னதில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: புது புஷ் போட்டு நட்டுகளை இறுக்கியபோது வண்டி எப்படி நின்றது? சக்கரம் தரையில் இருந்ததா, தொங்கிக்கொண்டிருந்ததா?

மேல் டிரனியன் புஷ்ஷும் ஐபோல்ட் புஷ்ஷும் உராய்ந்து திரும்பும் வகை அல்ல. நட்டு இறுகியதும் ரப்பரின் உள்பக்கம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், வெளிப்பக்கம் மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ரப்பர்தான் முறுகுகிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. ஜாக்கில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியவுடன் எல்லாப் புஷ்ஷும் முறுக்கேறி, ஆர்மைத் திரும்பக் கீழே தள்ளும். மூக்கு உயரும். விறைப்பும் கூடும். நீங்கள் எழுதிய அறிகுறி அப்படியே பொருந்துகிறது. இப்படியே ஓட்டினால் ரப்பர் சில மாதங்களில் கிழிந்துவிடும்.

கொக்குவில்_மைனர்

அண்ணா, தொங்கும்போதுதான் இறுக்கினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு ஸ்டாண்டில் வண்டி ஏறியிருந்தது, சக்கரமே இல்லை.

ஹெரால்டு_பிரியன்

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதிலாக, டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர் மாற்றும் கிட் கிடைக்கிறதே? பழைய லீவர் டாம்பரையே தூக்கிவிடலாம் அல்லவா?

கோவைப்_பட்டறை

தூக்க முடியாது நண்பரே. மேலே சொன்னேன், மைனரில் டாம்பரின் கைதான் மேல் ஆர்ம். கிட் போட்டாலும் அந்த உடலும் கையும் இருந்தே ஆக வேண்டும். பக்கத்தில் இன்னொரு டாம்பர் சேரும், அவ்வளவுதான். உராய்வு உள்ள இடத்தில் உராய்வு அப்படியே இருக்கும். நோய் எது என்று தெரியாமல் புதுப்பொருள் பூட்டுவதை நான் எந்த வண்டிக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டிரனியன் எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலர் கலக்கிக்கொள்கிறார்கள். ஹெரால்டின் கீழ் டிரனியன் வெண்கலம். அதற்கு இ.பி. 90 ஆயில் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் விடுவது சரி. மைனரின் டிரனியன் வேறு அமைப்பு. அதற்கு நிப்பிள் என்ற சிறு குழல்வாய் வழியாகக் கிரீஸ்தான். கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். எடை ஏறியிருக்கும்போது மரையின் ஒரு பக்கம் இறுக ஒட்டியிருக்கும், கிரீஸ் உள்ளே போக இடம் இருக்காது.

கொக்குவில் தம்பி, இப்போது இதை மட்டும் செய்யுங்கள். நான்கு சக்கரமும் தரையில், உங்கள் எடைக்கு ஒருவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். மேல் டிரனியன் பின் நட்டு, ஐபோல்ட் நட்டு, டை ராடு நட்டு மூன்றையும் பிடி விடும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். வண்டியை இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டுங்கள், முன்பக்கத்தை ஆட்டுங்கள். வண்டி தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே வைத்து இறுக்கி, மறுபடி அளவெடுங்கள். அடியில் படுத்து வேலை செய்வதற்காக ஜாக்கில் மட்டும் நிறுத்தாதீர்கள். சக்கரங்களின் கீழே பலகை அடுக்கி உயர்த்தினால் சஸ்பென்ஷன் நிலையும் மாறாது, ஆளுக்கும் ஆபத்தில்லை.

கொக்குவில்_மைனர்

செய்துவிட்டேன். வலப்பக்க மேல் நட்டைத் தளர்த்தியபோது வண்டி ஒரு முனகலுடன் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. வலப்பக்கம் 20 மி.மீ., இடப்பக்கம் 17 மி.மீ. இறங்கியிருக்கிறது. மூக்கு இப்போது பழைய புகைப்படத்தில் இருப்பது போல நிற்கிறது. டார்ஷன் பாரைத் தொடவே இல்லை.

உராய்வு வித்தியாசம்: இடப்பக்கம் 8 மி.மீ. வலப்பக்கம் இன்னும் 27 மி.மீ. அந்த “டக்” சத்தமும் வலப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

டாம்பர் எண்ணெயையும் மாற்றினேன். மோட்டார் சைக்கிள் முன் போர்க்குக்கு விடும் 20 எண் எண்ணெய். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைத்துவிட்டேன். திடீர்ப் பள்ளத்தில் விழும் அடி நன்றாகக் குறைந்திருக்கிறது.

கோவைப்_பட்டறை

மிகவும் சரி. வேகமான அடி எண்ணெயால் வந்தது, அது போய்விட்டது. உயரம் ரப்பரால் வந்தது, அதுவும் போய்விட்டது. மிஞ்சியது வலப்பக்கத்தில் உலோகம் கடிப்பது. ஸ்டீயரிங் பாரமும் இருக்கிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள். மேலும் கீழும் போகும் அசைவும் ஸ்டீயரிங் திருப்பமும் சந்திக்கும் இடம் டிரனியன். குறிப்பாகக் கீழ் டிரனியன். அதில் மரையும் குறுக்குப் பின்னும் இரண்டும் உலோகம், இரண்டும் கிரீஸை நம்பி இருப்பவை.

தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். அருகில் அனுபவமுள்ள ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் சட்டம் ஸ்டாண்டில் நிற்கட்டும். கீழ் ஆர்மின் அடியில் தனி ஜாக் கொடுத்து, டார்ஷன் பாரின் பாரத்தை அந்த ஜாக் தாங்கட்டும். இது இல்லாமல் மேல் இணைப்பைக் கழற்றினால் ஆர்ம் துள்ளி இறங்கும், கை காலுக்கு ஆபத்து. சக்கரத்தை எடுத்துவிட்டு மேல் டிரனியனை டாம்பர் கையிலிருந்து விடுவியுங்கள். ஹப் சாயாதபடி கம்பியால் கட்டிவிடுங்கள், பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது.

இப்போது டாம்பர் கையைக் கையால் முழு வீச்சுக்கு ஆட்டுங்கள். மேலும் கீழும் சீரான எதிர்ப்பு வந்தால் அது நல்லது. நடுவில் வெற்றாக விழுந்தால் காற்று அல்லது எண்ணெய்க் குறைவு. ஓரிடத்தில் கடித்தால் தண்டு போய்விட்டது. அடுத்து ஸ்டீயரிங் டிராக் ராடு முனையைக் கழற்றி, ஹப்பை இடமும் வலமும் திருப்புங்கள். ஒரு கையால் சுலபமாகத் திரும்ப வேண்டும். பிறகு கிரீஸ் கன்னை வைத்து, கீழ் டிரனியனில் புதுக் கிரீஸ் எங்கே வெளியே வருகிறது என்று பாருங்கள்.

லெஸ்டர்_டிராவலர்

ஒன்று சேர்க்கிறேன், இது சொகுசு பற்றியது அல்ல, உயிர் பற்றியது. மைனரில் வண்டியின் முன்பாரம் முழுவதும் கீழ் டிரனியன் மரை வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஆர்ம் டிரனியனைக் கீழே தள்ளுகிறது, சக்கரம் ஸ்விவல் பின்னை மேலே தள்ளுகிறது. மரை தேய்ந்தால் ஒருநாள் டிரனியன் பின்னிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும், சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து வண்டி மூக்கடித்து நிற்கும். பெரும்பாலும் வண்டியை நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்து வளைக்கும்போது நடக்கிறது. வீதியில் வேகமாகப் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வலப்பக்கம் அசாதாரணமாக இறுகியிருக்கிறது என்றால், கிரீஸ் போகாமல் மரை தின்னப்பட்டிருக்கலாம். கண்டுபிடிக்கும்வரை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், தம்பி.

கொக்குவில்_மைனர்

கண்டுபிடித்துவிட்டோம். ஊரில் பழைய கார் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து உதவினார்.

டாம்பர் கை நன்றாக இருக்கிறது, இரு திசையிலும் ஒரே எதிர்ப்பு. டிராக் ராடைக் கழற்றியதும் ஹப்பை ஒரு கையால் திருப்பவே முடியவில்லை, வலப்புறம் பாதியில் நின்றது. கீழ் டிரனியனின் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால், கிரீஸ் முழுவதும் நிப்பிளின் வாயைச் சுற்றியே வழிந்தது, உள்ளே ஒரு துளியும் போகவில்லை. நிப்பிளின் வாயில் அந்தக் கறுப்புப் பூச்சு அடைத்து, நடுவில் உள்ள சிறிய குண்டு அசையாமல் ஒட்டிப்போயிருந்தது. பூச்சு அடிக்கும் முன் ஒரு துண்டு நாடா ஒட்டியிருந்தால் போதுமாயிருந்தது.

நிப்பிளைக் கழற்றினால் பூச்சு ஒரு சின்னப் பங்காளிதான் என்று தெரிந்தது. அதன் பின்னால் துளை முழுவதும் கபில நிறத்தில் இறுகிய பழைய கிரீஸ். குத்தூசியால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. பாரத்தை இறக்கி, பிரேக் ஹோஸைக் கழற்றி, கொட்டர் பின்னைத் தட்டி எடுத்து, குறுக்குப் பின்னை வெளியே எடுத்தோம். ஒரு பாதி கறள். மறுபாதியில் நீலம் பாய்ந்த கறுப்புத் தழும்பு, நகத்தால் வருடினால் தட்டுப்படும் பள்ளம். த்ரஸ்ட் வாஷர் ஒன்று ஆர்மோடு கடித்துப் பிடித்திருந்தது. “டக்” என்று வந்தது அந்த வாஷர் பிடி விடும் சத்தம்தான்.

மரையையும் பார்த்தோம். டிரனியனைப் பாதி ஏற்றி ஆட்டினால் தாராளமாக ஆடுகிறது. மரையின் முகடுகள் கத்தி முனைபோல் மெலிந்துவிட்டன. ஸ்விவல் பின், டிரனியன் இரண்டையும் சேர்த்தே மாற்றப் போகிறோம். பெரியவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது: இடம் வலம் இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை, வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்க வேண்டும்.

இடப்பக்க நிப்பிளிலும் பூச்சு இருந்தது. கழுவி எடுத்ததும் கிரீஸ் சுற்றிலும் சீராக வெளியே வந்தது.

மதுரை_அம்பாசிடர் (மதுரை)

தொடர்ந்து படித்து வருகிறேன். என் பழைய அம்பாசிடரிலும் முன்னால் டார்ஷன் பார்தான். இந்த அளவெடுக்கும் முறை அதற்கும் பொருந்துமா?

கோவைப்_பட்டறை

பொருந்தும். அம்பாசிடர் மூன்றாம் வரிசை மொரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது, முன்பக்கச் சிந்தனை ஒன்றுதான். அழுத்தி ஒருமுறை, தூக்கி ஒருமுறை அளப்பது லீப் ஸ்பிரிங், காயில் ஸ்பிரிங் வண்டிகளுக்கும் செல்லும். லீப் ஸ்பிரிங்கில் பட்டைகளுக்கு இடையே இயல்பாகவே உராய்வு உண்டு, அங்கே வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாக வந்தால் பயப்பட வேண்டாம். இரு பக்கமும் ஒரே அளவாக வருகிறதா என்று பாருங்கள்.

கொக்குவில் தம்பி, புது டிரனியன் பூட்டும்போது: முழுவதும் ஏற்றிவிட்டு, ஸ்டீயரிங் இரு ஓரமும் முட்டாமல் திரும்பும் அளவுக்குப் பின்னால் எடுங்கள். முழுவதும் ஏற்றியபடியே விட்டால் ஒரு பக்க வளைவில் போய் இறுகும். த்ரஸ்ட் வாஷரில் சிறு இடைவெளி இருக்க வேண்டும், ஆர்ம் தன் எடையிலேயே இறங்கும் அளவு. ரப்பர் சீல்களைப் புதிதாகப் போடுங்கள், மழைத் தண்ணீர் அங்கிருந்துதான் உள்ளே போகிறது. ரப்பர் புஷ்ஷில் கிரீஸ் படக் கூடாது, பட்டால் ரப்பர் ஊதிவிடும். கடைசி இறுக்கு, சக்கரம் தரையில் இருக்கும்போது.

லெஸ்டர்_டிராவலர்

கொழும்பில் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், மைனர் உதிரிப்பாகம் விற்கும் கடைகள் இங்கே நிறைய இருக்கின்றன. ஐபோல்ட்டுக்குப் பாலியூரித்தேன் புஷ் வாங்கச் சொல்வார்கள். உங்கள் வீதிக்கு ரப்பரே நல்லது.

கொக்குவில்_மைனர்

உதிரிப்பாகம் கொழும்பிலேயே கிடைத்தது. வலப்பக்கத்துக்கு ஸ்விவல் பின், இரண்டு டிரனியன், வாஷர், சீல் அனைத்தும். நேற்றுப் பூட்டி முடித்தோம். இறுக்கியது சக்கரம் தரையில் இருக்கும்போது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

அளவு: வலப்பக்கம் 7 மி.மீ., இடப்பக்கம் 8 மி.மீ. ஸ்டீயரிங் ஒரு கைக்கு வருகிறது. காங்கேசன்துறை வீதியில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன், ஒட்டுப்போட்ட இடங்கள் இருப்பது தெரிகிறது, அடிக்கவில்லை.

இடப்பக்க டிரனியனை எவ்வளவு ஆட்டம்வரை விடலாம்? இப்போது சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இலேசாக ஒரு தட்டல் கேட்கிறது.

கோவைப்_பட்டறை

பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடிக்கட்டும். அப்போதும் தட்டல் கேட்டால் பேரிங் அல்ல, டிரனியன்தான். அப்படியானால் காத்திருக்க வேண்டாம், இடப்பக்கத்தையும் இந்த மாதமே மாற்றுங்கள்.